இரண்டு தோட்டாவோடு நின்றுவிடும் ஷாட்கன்: குழாயை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். அமெரிக்காவில் இருக்கிறீர்கள். செகண்ட் ஹேண்டில் ஒரு 12 கேஜ் ரெமிங்டன் 870 வாங்கியிருக்கிறீர்கள். விற்றவர் 4+1, அதாவது குழலுக்குக் கீழே தோட்டா நிரப்பும் குழாயில் (மேகசின்) நான்கும், குழலின் பின்முனையில் சுடப்போகும் தோட்டா உட்காரும் அறையில் ஒன்றும் என்று சொல்லித்தான் விற்றார். ஆனால் குழாயில் இரண்டு தோட்டாவுக்கு மேல் போகவில்லை. ஏழு தோட்டா கொள்ளும்படி நீட்டிப்புக் குழாய் வாங்கி நீங்களே மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. குழாயில் ஏன் இரண்டுதான் நுழைகிறது என்பது ஒன்று, உங்களுக்கு உண்மையில் ஏழு வேண்டுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு விடை தெரியாமல் இரண்டாவதற்குப் பணம் செலவழிக்காதீர்கள். இருபது வருடத்துக்கு மேல் துப்பாக்கிகளைப் பிரித்து மாட்டிப் பழகியவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் துப்பாக்கியை நான் கையில் எடுத்துப் பார்க்கவில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சரியாக இரண்டு நுழைந்து மூன்றாவது மறுக்கிறது என்றால், உள்ளே பிளக் இருக்கிறது என்றுதான் முதலில் நினைப்பேன். குழாயில் தோட்டாக்களைத் தள்ளும் ஸ்பிரிங்குக்கு உள்ளே நீளவாக்கில் கிடக்கும் ஒரு மரக்குச்சி அல்லது பிளாஸ்டிக் குச்சிதான் பிளக். அமெரிக்காவில் வலசை வரும் பறவைகளை வேட்டையாடும்போது ஷாட்கன்னில் மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது மத்திய அரசின் விதி. 1935 முதல் இருக்கிறது. அறையில் ஒன்று, குழாயில் இரண்டு, ஆக மூன்று. அதைவிட அதிகம் கொள்ளும் துப்பாக்கியாக இருந்தால், ஒரே துண்டாலான அடைப்பு உள்ளே இருக்க வேண்டும், துப்பாக்கியைப் பிரிக்காமல் அதை வெளியே எடுக்க முடியக் கூடாது என்றும் அந்த விதி சொல்கிறது. வாத்து மட்டுமல்ல, புறாவும் இதில் அடங்கும். வேட்டைக்குப் போன ஒருவரிடமிருந்து வந்த துப்பாக்கி என்றால், அவர் போட்ட பிளக் அப்படியே உங்களிடம் வந்து சேர்ந்திருக்கும். இது பழுதே இல்லை.

பிரிக்காமலேயே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். முதலில் துப்பாக்கி காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். அறையைப் பாருங்கள், குழாயில் தோட்டா நுழையும் வாயையும் பாருங்கள். வீட்டில் உள்ள எல்லாத் தோட்டாக்களையும் வேறு அறைக்குக் கொண்டுபோய் வையுங்கள். பிறகு ஒரு மழுங்கிய மரக்குச்சியால், தோட்டா நுழையும் வழியாக ஃபாலோவரை உள்ளே தள்ளுங்கள். ஃபாலோவர் என்பது தோட்டாவுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கிண்ணம் போன்ற பகுதி. பிளக் இருந்தால் குச்சி கொஞ்ச தூரம் சுலபமாகப் போய், சுவரில் முட்டியது போல டக்கென்று நிற்கும். பிளக் இல்லாமல் ஸ்பிரிங் மட்டும் நெருங்கி அடைந்தால் அப்படி நிற்காது. இறுகி, இன்னும் இறுகி, கடைசியில்தான் நிற்கும். இந்த வித்தியாசம் கைக்கு ஒரே தடவையில் தெரிந்துவிடும். சில பிளக்குகள் துப்பாக்கியை முன்னும் பின்னும் ஆட்டினால் உள்ளே கடகடவென்று சத்தம் போடும். சத்தம் வரவில்லை என்பதால் பிளக் இல்லை என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள்.

பிளக் இல்லை என்று தெரிந்தால் அடுத்துத் தோட்டாவின் நீளத்தைப் பாருங்கள். இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். 2¾ அங்குலம், 3 அங்குலம் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது, சுட்ட பிறகு வாய் விரிந்த தோட்டாவின் நீளம். சுடாத தோட்டாவின் வாய் மடித்து மூடப்பட்டிருப்பதால் கையில் அளந்தால் குறைவாகத்தான் வரும். 2¾ அங்குலத் தோட்டா மடிந்த நிலையில் ஏறக்குறைய 60 மி.மீ. இருக்கும். 3 அங்குலத் தோட்டா 66 மி.மீ. பக்கம் வரும். குழாய்க்குள் நான்கு சின்னத் தோட்டாவுக்கு 240 மி.மீ. போதும், நான்கு பெரிய தோட்டாவுக்கு 264 வேண்டும். ஸ்பிரிங் முழுக்க அழுந்திய பிறகு அந்த 24 மி.மீ. அங்கே இருக்காது. அதனால்தான் ஒரே துப்பாக்கி ஒருவர் கையில் நான்கும் இன்னொருவர் கையில் மூன்றும் கொள்கிறது. மாஸ்பெர்க் நிறுவனத்தின் 500 என்ற ஷாட்கன் இதற்கு நல்ல உதாரணம். அதன் வழக்கமான குழாயில் 2¾ அங்குலத்தில் ஐந்து போகும், 3 அங்குலத்தில் நான்குதான் போகும். விளம்பரத்தில் வரும் எண் எப்போதும் சின்னத் தோட்டாவை வைத்துச் சொன்னதுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நீளத்தைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இது எண்ணிக்கையைவிட முக்கியம். மடிந்த நிலையில் 3 அங்குலத் தோட்டா 2¾ அங்குல அறைக்குள் நுழைந்துவிடும், அறையை அடைக்கும் போல்ட்டும் மூடிக்கொள்ளும். ஆனால் சுடும்போது வாய் விரிய இடம் இருக்காது. விரியும் விளிம்பு, அறை முடிந்து குழல் குறுகும் இடத்தில் போய் நெருக்கும், அழுத்தம் ஏறும். பழைய 870-களில் 2¾ அங்குல அறை மட்டுமே உள்ளவை ஏராளம். 1950-இல் வந்த மாடல், 2009-க்குள் ஒரு கோடி துப்பாக்கிகள் தயாராகிவிட்டன. உங்களுடையது எந்தக் காலத்தது என்று எனக்குத் தெரியாது. குழலின் பக்கவாட்டில் அறையின் நீளத்தை முத்திரையாக அடித்திருப்பார்கள். அதைப் படித்துவிட்டுத் தோட்டா வாங்குங்கள். குழாயில் நுழைகிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

பிளக்கை எடுப்பது பெரிய வேலை இல்லை. குழாயின் முன்னால் இருக்கும் மூடியைத் திருகி எடுத்தால் குழல் கழன்று வரும். அதற்குப் பின்னால் ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருக்கும் சிறு தடுப்பு ஒன்று இருக்கும். அதை விடுவிக்கும்போது மட்டும் கவனமாக இருங்கள். உள்ளே அழுந்திக் கிடக்கும் ஸ்பிரிங் குழாயைவிட நீளமானது. தடுப்பு நழுவிய நொடியில் முகத்தை நோக்கிப் பாயும். பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், குழாயின் முன்முனையை உள்ளங்கையாலோ தடித்த துணியாலோ மூடிக்கொண்டு மெதுவாக விடுங்கள். உங்கள் வருட மாடலுக்கான கையேட்டை ரெமிங்டன் வெளியிட்டிருக்கிறது, அதில் உள்ள வரிசைப்படி செய்யுங்கள். எடுத்த பிளக்கைத் தூக்கிப் போடாதீர்கள். வாத்து வேட்டைக்குப் போவதாக இருந்தால் அது மறுபடி உள்ளே போக வேண்டும்.

சிலர் பிளக் தொலைந்துவிட்டது என்று மரக்குச்சியை வெட்டிப் போடுவார்கள். வீட்டில் செய்த பிளக் செல்லாது என்று எந்த விதியும் இல்லை, ஒரே துண்டாக இருந்தால் சரி. நீளத்தில்தான் தவறு நடக்கும். நீளம் கூடினால் இரண்டாவது தோட்டாவே நுழையாது. நீளம் குறைந்தால் மூன்றாவதும் நுழைந்துவிடும், வேட்டை அதிகாரி சோதிக்கும்போது அபராதம் கட்டுவீர்கள். எந்தத் தோட்டாவை வைத்து அளந்தீர்கள் என்பதும் கணக்கில் வரும். இப்போது 1¾ அங்குலக் குட்டித் தோட்டாக்கள் விற்கின்றன. இரண்டு 2¾ அங்குலத் தோட்டாவுக்காக அளந்த இடத்தில் அந்தக் குட்டித் தோட்டா மூன்று உட்கார்ந்துவிடும். கடையில் விற்கும் பிளக்கை உங்கள் மாடலுக்கென்று கேட்டு வாங்குவதே நிம்மதி.

இனி நீட்டிப்புக் குழாய். எல்லா ஷாட்கன்னுக்கும் இது ஒத்துவராது. மாஸ்பெர்க் 500-இல் குழாயின் முன்பக்கம் மூடியே இருக்கிறது, குழலைப் பிடித்திருக்கும் திருகு அந்த முனையில்தான் இறங்குகிறது. அங்கே நீட்டிப்பு மாட்ட வழி இல்லை. அதே நிறுவனத்தின் 590-இல் குழாய் முன்னால் திறந்து, மூடியோடு வருகிறது. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும், இந்த ஒரு விஷயத்தில் வேறு வேறு. 870-இன் குழாய் முன்னால் திறந்ததுதான், அதனால்தான் இத்தனை பேர் அதில் நீட்டிப்பு போடுகிறார்கள். ஆனால் 870-இன் பிந்தைய எக்ஸ்பிரஸ் வகைகளில் குழாயின் முன்முனைப் பக்கம் உள்நோக்கி இரண்டு குழிகள் அழுத்தி வைத்திருப்பார்கள். ஸ்பிரிங் தடுப்பைப் பிடித்துக்கொள்ளத்தான் அவை. வெளியிலிருந்து பார்த்தால் பள்ளம், உள்ளே இரண்டு மேடு. அந்த மேடு இருக்கும்வரை ஃபாலோவரும் தோட்டாவும் நீட்டிப்புக்குள் போக முடியாது.

இந்த இடத்தில்தான் அந்த மேட்டை எடுக்கத் துரப்பண எந்திரத்தைக் கையில் எடுக்கிறார்கள். இதைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. ஒருவர் கொண்டுவந்த துப்பாக்கியைச் சொல்கிறேன். நீட்டிப்பு மாட்டியதிலிருந்து கடைசி இரண்டு தோட்டா வெளியே வருவதில்லை என்றார். காலிதான் என்று சொல்லித்தான் என் கையில் கொடுத்தார். முன்பிடியைப் பின்னும் முன்னும் மூன்று முறை இழுத்தேன், எதுவும் விழவில்லை. குழாயில் தோட்டா நுழையும் வாயில் விரலை விட்டேன். பிளாஸ்டிக் ஃபாலோவர் தட்டுப்பட வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் இருட்டு. குழாயை வெளியிலிருந்து விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினேன். ஒரு தோட்டா சறுக்கி வந்து பணிமேசை மேல் உருண்டது. இன்னொரு தட்டுக்கு அடுத்ததும் வந்தது. இரண்டும் உயிருள்ள, அதாவது வெடிக்கக்கூடிய தோட்டாக்கள். பிரித்துப் பார்த்தபோது அந்த மேடுகள் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள், உள்பக்க விளிம்பில் துரப்பணம் விட்டுப்போன பிசிர் நகம் கீறுகிற அளவுக்கு நின்றது. ஃபாலோவரின் விளிம்பில் அதே இடத்தில் இரண்டு கோடு விழுந்திருந்தது. ஒவ்வொரு முறையும் அது அந்தப் பிசிரில் மாட்டிக்கொண்டு, தோட்டாவைத் தள்ளாமல் நின்றிருக்கிறது.

இப்படிப்பட்ட துப்பாக்கிதான் எனக்குப் பெரிய பயம். சுடவேண்டிய நேரத்தில் தோட்டா வராமல் போவது ஒரு தொல்லை, அவ்வளவுதான். காலி என்று எல்லோரும் நம்பிய துப்பாக்கி காரில் குலுங்கியபோதோ அலமாரியில் சாய்த்து வைத்தபோதோ தோட்டாவை உள்ளே இறக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பது அப்படியல்ல. ஆகவே குழாயில் எந்த மாற்றம் செய்தாலும், காலி செய்யும்போது ஃபாலோவரைக் கண்ணால் பார்க்கும் பழக்கம் வேண்டும். பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது பச்சை நிற ஃபாலோவர் சில டாலருக்குக் கிடைக்கிறது. நீட்டிப்பு போடாவிட்டாலும் அதை மட்டும் வாங்கிப் போடுங்கள் என்பேன். தோட்டா நுழையும் வாயில் அந்த நிறம் தெரிந்தால் குழாய் காலி, அறையைத் தனியாகப் பார்க்க வேண்டும். தெரியவில்லை என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது, அல்லது எங்கோ மாட்டியிருக்கிறது. இரண்டில் எதுவானாலும் துப்பாக்கியைத் தோட்டா உள்ளதாகவே நடத்துங்கள்.

அந்தக் குழிகளைச் சுத்தமாகச் சரிசெய்ய முடியாது என்று நான் சொல்லவில்லை. அதற்கென்றே கருவி உண்டு. உள்ளிருந்து அழுத்தி மேட்டைத் தட்டையாக்குவார்கள், பிறகு மெருகேற்றுவார்கள். அனுபவமுள்ள கன்ஸ்மித்துக்கு, அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவருக்கு, இது சின்ன வேலை. நீங்கள் செய்து கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 870-இன் குழாய் திருகி மாட்டியது அல்ல, துப்பாக்கியின் உடலோடு பற்றவைத்தது. குழாய் வீணானால் அதைச் சூடாக்கி எடுத்து வேறு குழாய் பற்றவைக்க வேண்டும். அந்தக் கூலி நீட்டிப்பின் விலையைப் போலப் பல மடங்கு ஆகும்.

சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் வகைகளில் இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. ரெமிங்டன் 1100 போன்ற வாயுவால் இயங்கும் துப்பாக்கிகளில் பிஸ்டன் இந்தக் குழாயின் வெளிப்பக்கத்தில்தான் வழுக்கி ஓடுகிறது. பழைய பிரௌனிங் ஆட்டோ-5-இல் திருப்பு ஸ்பிரிங்கும் உராய்வு வளையங்களும் குழாயைச் சுற்றியே இருக்கின்றன. அங்கே வெளியே ஒரு சிறு நெளிவு விழுந்தாலும் துப்பாக்கியின் இயக்கமே கெடும். முன்பிடியைக் கையால் இழுத்து ஏற்றும் பம்ப் ஆக்ஷனில் பொறுத்துக்கொள்ளும் தவறை இவை பொறுக்காது.

நீட்டிப்பு ஒழுங்காகப் பொருந்துகிறது என்றே வைத்துக்கொள்வோம். அதோடு வரும் ஸ்பிரிங்கைத்தான் போட வேண்டும். பழைய ஸ்பிரிங்கோடு நீளக் குழாயை மாட்டினால், கடைசித் தோட்டாவைத் தள்ளும் நேரத்தில் அதற்குத் தெம்பு இருக்காது. மிக நீளமான ஸ்பிரிங்கைப் போட்டால் சுருள்கள் ஒன்றன்மேல் ஒன்று அடைந்து ஏழுக்குப் பதில் ஆறுதான் போகும். 870-இல் முன்மூடிதான் குழலைப் பிடித்திருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. நீட்டிப்பு அந்த மூடியின் இடத்தில் உட்காருகிறது, அது தளர்ந்தால் குழலும் தளரும். சுட்ட ஒவ்வொரு பெட்டிக்குப் பிறகும் கையால் ஒருமுறை திருகிப் பார்ப்பது நல்லது. நீட்டிப்பின் முனை குழலின் வாயைத் தாண்டி முன்னால் நீளக் கூடாது. வெடிப்பின் சூடும் அழுத்தமும் நேராக அதன்மேல்தான் விழும்.

குழலையும் நீட்டிப்பையும் சேர்த்துப் பிடிக்கும் கிளாம்ப் பற்றி இரண்டு கட்சி இருக்கிறது. அது குழலை நெருக்கி, குண்டு விழும் இடத்தை நகர்த்திவிடும் என்கிறது ஒரு கட்சி. அதெல்லாம் கற்பனை என்கிறது இன்னொன்று. நான் பார்த்தவரை ஒற்றைக் குண்டான ஸ்லக் சுடும்போது சில துப்பாக்கிகளில் நகர்ந்தது, சிலவற்றில் நகரவில்லை. ரவை சிதறும் தோட்டாவில் வித்தியாசம் கண்டதில்லை. இதில் யார் உறுதியாகப் பேசினாலும் நம்பாதீர்கள், உங்கள் துப்பாக்கியில் கிளாம்ப்போடும் இல்லாமலும் சுட்டுப் பாருங்கள். ஸ்பிரிங்கை மாதக்கணக்கில் அழுத்தியே வைத்தால் தளர்ந்துவிடுமா என்பதும் இதே மாதிரி முடியாத சண்டை. நல்ல ஸ்பிரிங் அழுந்திக் கிடப்பதைவிட அழுந்தி விரிந்து அழுந்தி விரிந்துதான் அதிகம் தேய்கிறது என்பது பொதுவாக ஏற்ற கருத்து. மட்டமான ஸ்பிரிங் எப்படி வைத்தாலும் தளரும். வெளியே எடுத்துப் பழைய நீளத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

சட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு சொல்கிறேன், நான் வழக்கறிஞன் அல்ல. உங்கள் 870 அமெரிக்காவிலேயே தயாரானது, பம்ப் ஆக்ஷன். மத்திய சட்டத்தில் அதற்கு நீட்டிப்பு போடத் தடை இல்லை. இறக்குமதியான துப்பாக்கி என்றால் கதை வேறு. இறக்குமதிக்கு அனுமதி இல்லாத வடிவத்தில் ஒரு ஷாட்கன்னை வெளிநாட்டுப் பாகங்களைக் கொண்டு பொருத்துவதை மத்திய துப்பாக்கிச் சட்டத்தின் 922-ஆம் பிரிவில் உள்ள ஒரு விதி தடுக்கிறது. துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான ஏடிஎஃப் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, ஐந்துக்கு மேல் கொள்ளும் மேகசினை விளையாட்டு நோக்கத்துக்குப் பொருந்தாத அம்சங்களில் ஒன்றாகக் கணக்கிட்டது. இத்தாலியிலிருந்து வரும் பெனெல்லி எம்4 ஷாட்கன் வைத்திருப்பவர்கள் குழாயை மாற்றும்போது ஃபாலோவர், பிடி என்று மற்ற பாகங்களையும் அமெரிக்கத் தயாரிப்பாக மாற்றுவது இதனால்தான். பட்டியலிட்ட 20 பாகங்களில் 10-க்கு மேல் வெளிநாட்டுப் பாகம் இருக்கக் கூடாது. மாநிலச் சட்டங்கள் இதற்கு மேல் தனி. நீங்கள் எந்த மாநிலம் என்று எழுதவில்லை, ஆகவே வாங்கும் முன் உங்கள் மாநில விதியைப் பாருங்கள். வேறு நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்கள் இந்தப் பத்தியைத் தங்களுக்குப் பொருத்திக்கொள்ள வேண்டாம். பிரிட்டனில் சாதாரண ஷாட்கன் சான்றிதழில் வைத்திருக்கும் துப்பாக்கியின் மேகசின் கழற்ற முடியாததாகவும் இரண்டுக்கு மேல் கொள்ளாததாகவும் இருக்க வேண்டும். அங்கே அடைப்பை எடுத்தாலே அந்தச் சான்றிதழ் அந்தத் துப்பாக்கிக்குப் போதாது.

சரி, உங்களுக்கு ஏழு வேண்டுமா? காற்றில் எறியும் களிமண் தட்டு சுடவும் வாத்து வேட்டைக்கும்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். தட்டு சுடும் இடத்தில் ஒரு முறைக்கு இரண்டுக்கு மேல் தோட்டா போட விடவே மாட்டார்கள். வாத்துக்கு மொத்தம் மூன்று. பனி வாத்துகளைக் குறைக்க வசந்த காலத்தில் விடும் சிறப்பு அனுமதியில் பிளக் இல்லாமல் சுடலாம் என்பது ஒரு விலக்கு, அதற்காக மட்டும் போகிறவர்கள் நீட்டிப்பு போடுவதில் அர்த்தம் உண்டு. ஒரு 12 கேஜ் தோட்டா 45 முதல் 50 கிராம் இருக்கும். கூடுதலாக மூன்று போட்டால் 150 கிராம், அதோடு குழாய், ஸ்பிரிங், கிளாம்ப், எல்லாம் துப்பாக்கியின் முன்முனையில் தொங்கும். பறக்கும் பறவையைத் தொடர்ந்து வீசும்போது அந்தக் கனத்தை உங்கள் இடது கை உடனே உணரும். முன்பக்கம் கனத்தால் வீச்சு நிதானமாக வரும் என்று அதை விரும்புகிறவர்களும் உண்டு. எனக்கு உங்கள் தேவைக்கு அது வேண்டாம் என்றே படுகிறது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த வாரம் மூடியைத் திறந்து பிளக் இருக்கிறதா என்று பார்ப்பேன், குழாயின் உட்புறத்தை எண்ணெய்த் துணியால் துடைப்பேன், புது ஸ்பிரிங்கும் நிற ஃபாலோவரும் போடுவேன். பிறகு வெடிமருந்து இல்லாத போலித் தோட்டாக்களை நான்கு வாங்கி, முழுக்க நிரப்பி முழுக்க இறக்கி, இருபது முறை ஓட்டிப் பார்ப்பேன். வேகமாகவும் மெதுவாகவும், துப்பாக்கியின் வாயை மேலே தூக்கியும் கீழே சாய்த்தும் செய்து பாருங்கள். வாய் கீழ்நோக்கி இருக்கும்போது ஸ்பிரிங் தோட்டாக்களின் எடையையும் சேர்த்துத் தள்ள வேண்டியிருக்கும், பலவீனம் இருந்தால் அப்போதுதான் வெளியே வரும். ஒரு முறை தடுமாறினாலும் உயிருள்ள தோட்டாவைப் போடாமல் கன்ஸ்மித்திடம் கொண்டுபோங்கள். மூடியைத் திறந்ததும் குழாயின் முன்முனையில் அந்த இரண்டு மேடு இருக்கிறதா, குழலில் எந்த முத்திரை இருக்கிறது என்பதை இங்கேயே எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டு மேலே சொல்கிறேன்.